பச்சைச் சிங்கம்

அத்தியாயம் பதினொன்று

தம்பி அட்டைப்பெட்டிக் கட்டை வாசலிலேயே தொப்பென்று போட்டான்.

"இதுக்குத்தானே நான் வரேன்னு சொன்னேன்? அந்தக் கையை வெச்சுக்கிட்டு ஸ்டூல் மேல ஏறினியா?"

"ஏறல. சுவர்ல கைக்கு எட்டின படத்தைத்தான் கழட்டினேன்," என்றாள் எக்ஸ்ரே அக்கா.

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எதிர்வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தாளே, அந்தக் கை. ஆஸ்பத்திரியில் அவளிடமே வேலை பழகிய பெண்தான் எக்ஸ்ரே படம் எடுத்தாள். பதற்றத்தில், "மூச்சை அடக்கிக்கோங்க அக்கா," என்று சொல்லிவிட்டாள். "மணிக்கட்டுக்கு எதுக்குடி மூச்சை அடக்கணும்?" என்று அந்த வலியிலும் அக்கா திருத்தியதை ஆஸ்பத்திரியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தனியாக இருந்ததெல்லாம் போதும், எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று தம்பி சொன்னான். முன்னாலும் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை அவள், "சரி," என்றாள். அவ்வளவுதான். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விழுந்த பயத்தில் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். பயமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அந்த வீட்டில் சனிக்கிழமை மதியம் தொலைபேசி அடிக்கவில்லை. இனிமேல் எந்த வீட்டில் இருந்தால் என்ன என்று அவளுக்கு ஆகிவிட்டிருந்தது.

*

அவள் சேர்த்தவை பழைய அச்சுப்படங்கள். எங்கோ தூர தேசத்தில், செப்புத் தகட்டில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்து, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டியவை. எல்லாம் இடைக்கால அரசர்களின் ஊர்வலங்கள். குளம்புவரை பட்டுப் போர்த்திய குதிரைகள், கவசம் பூட்டிய வீரர்கள், எக்காளம் ஊதுகிறவர்கள், வருவது இன்னார் என்று முழங்கிக்கொண்டு முன்னால் நடக்கும் கட்டியக்காரர்கள். கேடயத்துக்குக் கேடயம் ஒரு குலச்சின்னம். ஒன்றில் சிங்கம், ஒன்றில் பன்றி, ஒன்றில் வெறும் கோடு.

ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டர், வேண்டாம் என்று அவள் மேஜைமேல் விட்டுப்போன ஒரே ஒரு படத்தில் ஆரம்பித்தது. பிறகு பழைய காகிதச் சந்தைகள், புத்தகக் கடைகளின் பின்கட்டுகள் என்று தேடித் தேடி அலைந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, எக்ஸ்ரே படம் பார்க்கிற பழைய விளக்குப் பெட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல் தாளை வைத்து விளக்கைப் போட்டால் காகிதத்தின் உள்ளுக்குள் இருப்பதெல்லாம் தெரியும்: காகித ஆலையின் முத்திரை, கிழிந்து ஒட்டின இடம், யாரோ அழித்துவிட்டுப் பூசிய நிறம்.

அப்படி ஒரு சந்தையில்தான் ப்ரூஃப் சார் பழக்கமானார். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். தப்பு விழுந்த படங்களை மட்டும்தான் அவர் வாங்குவார். குலச்சின்னத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நிறத்தின்மேல் நிறம் வரக்கூடாது, தங்கத்தின்மேலோ வெள்ளியின்மேலோதான் வரவேண்டும்; தங்கமும் வெள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று வரக்கூடாது. மஞ்சள் என்றால் தங்கம், வெள்ளை என்றால் வெள்ளி. நீலக் கொடியில் சிங்கம் என்றால் அது மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால்தான் தூரத்தில் வருகிறவனுக்கு அடையாளம் தெரியும். வண்ணம் தீட்டினவர்கள் கை தவறியோ, களைத்தோ அங்கே பச்சையைப் பூசியிருந்தால் ப்ரூஃப் சாருக்குக் கொண்டாட்டம்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடிப்பார். "மேடம், இந்த வாரம் என்ன கிடைச்சுது?" என்பார். அங்கே தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். வருஷக்கணக்காக இதுதான். நேரில் பார்த்தது ஏதோ சில தடவை, அதுவும் சந்தைக் கூட்டத்தில் நின்றபடியே. அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அடிக்கவில்லை. அடுத்ததும் இல்லை. இவள் அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது.

*

தம்பி ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவன். படங்களைக் காகிதத்தில் சுற்றும்போதும், பக்கத்தில் யாரோ வண்டி பழகுகிற மாதிரி, "மெதுவா, அப்படியே, விடு, விடு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அக்கா வைத்திருந்த ரொட்டியை நின்றுகொண்டே தின்றான். இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அதையும் தின்றான்.

அறை தயாராக இருக்கிறது என்றான். அவன் மனைவி அலமாரியெல்லாம் துடைத்துவிட்டாள், புதுத் திரை போட்டுவிட்டாள், அக்கா எப்போது வருகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். அக்கா தலையை ஆட்டினாள். நாத்தனார் நிரந்தரமாக வந்து தங்குவதற்கு எந்தப் பெண் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள்? ஏதோ மரியாதைக்குச் சொல்லியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள்.

"இவங்கல்லாம் யாரு வீட்டுக் கல்யாணத்துக்குக்கா போறாங்க?"

"கல்யாணத்துக்கு இல்ல. சண்டைக்கு. விளையாட்டுச் சண்டை."

"சண்டைக்கா இவ்வளவு ஜோடனை?"

ஒரு படத்தில் மாடத்தில் உட்கார்ந்து போட்டியைப் பார்க்கும் பெண்கள். அவர்களுக்குக் கீழே கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுரம் சாய்சதுரமாகச் சின்னங்கள். இது ஏன் இப்படி என்று தம்பி கேட்டான்.

"அது பொம்பளைங்களோடது. சண்டைக்குப் போகாதவங்களுக்குக் கேடயம் எதுக்கு? கல்யாணம் ஆனா புருஷன் கேடயத்துல பாதி கிடைக்கும். ஆகலைன்னா கடைசிவரைக்கும் சாய்சதுரம்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். தம்பி அந்தப் படத்தை மட்டும் இரண்டு காகிதத்தில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தான்.

அவனுக்கு என்னவோ கேட்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும், வண்ணம் தீட்டினது யார் என்று கேட்டான். அவள் சொன்னாள். நீள மேஜையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தியிடம் சிவப்பு மட்டும்தான். அவள் பூசி முடித்து அடுத்தவளிடம் தள்ளுவாள். அவளிடம் நீலம் மட்டும். இப்படியே தாள் நகர்ந்துகொண்டே போகும். சிவப்புக்காரி முழுப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டாள். இதை ஒரு தடவை ப்ரூஃப் சாரிடம் சொன்னபோது அவர், "அந்தச் சிவப்புக்காரி எனக்குத் தெரிஞ்சவ மாதிரி இருக்கு மேடம்," என்றார். அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் ஃபிரேம் கடைக்காரர் போன் பண்ணினார்.

பழைய கட்டு ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் உங்கள் ஆட்கள்தான், குதிரையும் கொடியுமாக இருக்கிறது, வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் வந்து பார்த்துவிடுங்கள் என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். இருக்கிறதையே எங்கே வைப்பது என்று தெரியாத நிலையில் புதிதாக எதற்கு? ஆனால் கால் பாட்டுக்குச் செருப்பைத் தேடியது. தம்பி சிரித்துவிட்டான்.

"வா. நான் கொண்டுபோய் விடறேன்."

*

கடையில் பசை வாசனையும் மரத்தூளும். கடைக்காரர் மேஜையைத் துடைத்து, கட்டைப் பிரித்து வைத்தார். அக்கா வலது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

முதல் படத்திலேயே ஒரு வீரனின் வெள்ளிக் கேடயத்தில் மஞ்சள் நட்சத்திரம். தங்கத்தை வெள்ளிமேல் வைக்கிற தப்பு. அடுத்ததில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருகிறான், ஓரிடத்தில் சிவப்புச் சட்டை, ஓரிடத்தில் நீலம். அதற்கடுத்ததில் குதிரைக்கு மூன்று காலில் மட்டும் பழுப்பு. யாரோ வேண்டுமென்றே தப்புகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள்.

அவள் கை தயங்கியது. இன்னொரு தாளைப் புரட்டினாள்.

எக்காளம் ஊதுகிறவன். எக்காளத்திலிருந்து தொங்கும் நீலக் கொடி. கொடியில் பச்சைச் சிங்கம்.

மேல்மூலையில் ஒரு கிழிசல். பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து, மாவுப் பசை போட்டு, இழை தெரியாமல் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டலை அவளுக்குத் தெரியும். விளக்குப் பெட்டிமேல் வைத்து அவள் ஒட்டியது. ப்ரூஃப் சாருக்கு என்று தேடி வாங்கி, ஒட்டி, தபாலில் அனுப்பியது. வந்து சேர்ந்த அன்று சனிக்கிழமைகூட இல்லை, ஆனாலும் அடித்தார். "மேடம், இந்த மாதிரி அழகான தப்பை நான் பார்த்ததே இல்ல," என்றார்.

"இது யாரு கொண்டுவந்தாங்க?"

"ஒரு பொண்ணு. அவங்க அப்பாவோடதாம். இனிமே அவருக்குத் தேவைப்படாது, வீட்டைக் காலி பண்றோம்னு சொன்னாங்க."

அக்கா உட்கார இடம் கேட்டாள். கடைக்காரர் அவசரமாக ஒரு முக்காலியைக் காலி செய்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் பார்த்திருக்கிறாள். யாராவது போய்விட்டால் வீட்டார் ஓடி வருவார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். டாக்டர் அவர்களிடம் பேசுவார். மாடிப்படி ஓரமாக வேறு யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவரும் யாரிடமும் போக மாட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். இவர் யாராக இருக்கும் என்று அவள் யோசித்ததுண்டு.

வெளியே போனைக் காதில் வைத்து நடந்துகொண்டிருந்த தம்பி, எதிர்முனையில் யாரும் எடுக்காமல் திரும்ப உள்ளே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டான்.

"என்னக்கா?"

"தெரிஞ்சவர் ஒருத்தர். இறந்துட்டார் போல இருக்கு."

யார் என்று கேட்டான். படம் சேர்க்கிறவர் என்றாள். அவன் மேலே கேட்கவில்லை. வீடு எங்கே என்று மட்டும் கேட்டான். தபால் அனுப்பிப் பழகியதால் முகவரி அவளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தெருவில் அவள் கால் வைத்ததில்லை.

"போய்த் துக்கம் கேட்டுட்டு வந்துடலாம். கேக்காம இருந்தா உனக்கே மனசு ஆறாது," என்றான் தம்பி.

கட்டைப் பிரித்து விற்காதீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டாள். எக்காளக்காரனை மட்டும் அட்டைக்குள் வைத்து வாங்கிக்கொண்டாள்.

*

சலவைக் கடைக்கு மேலே, மாடி வீடு. தம்பி கீழே வண்டியிலேயே இருந்துகொண்டான். படியேறும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

கதவைத் திறந்தது நடுவயதுப் பெண். மூக்கு அப்படியே ப்ரூஃப் சாரின் மூக்கு. பின்னால் கூடம் முழுக்க மூட்டையும் பெட்டியும்.

அக்கா ப்ரூஃப் சாரின் பெயரைச் சொல்லி, அவர் வீடுதானே என்று கேட்டாள்.

"ஆமாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சித்தி, அத்தை, மாமா பெண், ஒன்றுவிட்ட தங்கை என்று ஆளாளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அக்காவுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

"தெரிஞ்சவ," என்றாள். "இன்னிக்குத்தான் விஷயம் காதுல விழுந்துது. அதான்..."

"என்ன விஷயம்?"

"வாசல்ல யாரும்மா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது மாவுக்கட்டுப் போட்ட கை. வலி தோள்வரை ஏறியது, அப்போதும் விடவில்லை.

உள்ளே ப்ரூஃப் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகத்தைக் கொஞ்சம் ஒருபக்கமாகத் திருப்பி, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தார்.

"மேடமா?"

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுத் துக்கம் கேக்க வந்தேன்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

"அது பிழை, மேடம். திருத்திக்கணும்," என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை கோபமாகத் திரும்பி வந்தது. மணி அடித்தால் எடுக்க முடியாதா என்று கேட்டாள்.

எடுக்கலாம், எடுத்துவிட்டு என்ன பேசுவது என்று அவர் கேட்டார். பிறகு சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதைப் பார்த்தாலும் சரியாக அந்த இடத்தில் மை கொட்டின மாதிரி இருக்கிறது. சுற்றிலும் ஓரம் தெரிகிறது. படத்தை வைத்தால் சட்டம் தெரியும், படம் தெரியாது. எழுத்தைப் பார்த்தே பிழைத்தவருக்கு இனி ஒரு எழுத்து கிடையாது. டாக்டர் கையை விரித்துவிட்டார். சுவரில் தொங்குகிறதையெல்லாம் பார்க்கப் பார்க்கத் தாங்காமல், எடுத்துக்கொண்டு போ என்று மகளிடம் அவரேதான் சொன்னார்.

"கண்ணு இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நாம படத்தைப் பத்தி மட்டும்தானே மேடம் பேசினோம்? அது இல்லாம உங்களைக் கூப்பிட எனக்கு என்ன காரணம் இருக்கு?"

"உங்க கையில என்னமோ வெள்ளையா இருக்கே. ஓரத்துல தெரியுது."

"விழுந்துட்டேன். போன வாரம்."

"நீங்களும்தான் எனக்குச் சொல்லல," என்றார் அவர்.

ஈரத்தரையில் கிடந்தபோது அவளுக்கு அவர் நினைவு வந்தது. எழுந்ததும் அவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்த உரிமையில் என்றும் உடனே தோன்றியது. அதைச் சொல்லாமல், எக்காளக்காரனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எது என்று கேட்டார். சொன்னாள். பச்சைச் சிங்கமா என்றார். விரலால் தாளின் விளிம்பைத் தடவி, மூலைக்குப் போய், அவள் ஒட்டிய இடத்தில் நிறுத்தினார்.

அவள் படத்தைச் சொல்லிக்காட்ட ஆரம்பித்தாள். குதிரை, போர்வை, கொடி, கால், தரையில் கிடக்கும் சின்னக் கல்லுவரை சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனால் முன்னே மாதிரி இல்லை. முன்பெல்லாம் இந்தப் பக்கம் இவள் ஒன்று பார்த்தால் அந்தப் பக்கம் அவர் ஒன்று பார்ப்பார். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். இப்போது இவள் பேச, அவர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனது. இத்தனை வருஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒல்லியாக இருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"உங்க வீட்டுல யார் யாரு இருக்காங்க மேடம்?"

"யாரும் இல்ல. ஒரு தம்பி. கீழ வண்டியில உக்காந்திருக்கான்."

"கல்யாணம்?"

"ஆகல."

"எனக்கு ஆச்சு. அவ போய் ரொம்ப நாளாச்சு. அவளுக்கு இந்தப் படமெல்லாம் பிடிக்காது. குதிரைக்குப் புடவை கட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்லுவா."

இப்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா சிரித்து மகள் கேட்டு நாளாகியிருக்க வேண்டும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாதக் கடைசியில் மகள் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரென்றால் படி எங்கே, பள்ளம் எங்கே என்று காலுக்குத் தெரியும்.

"அங்க போனா எனக்கு ஓரம்கூடத் தெரியாது, மேடம்." ஒட்டின மூலையை இன்னொரு தடவை தடவினார். "உங்க வீட்டுல ஒரு அறை காலியா இருக்குமா? குடித்தனக்காரனாத்தான் கேக்கறேன். இப்பவே சொல்லணும்னு இல்ல."

மகள் காபியோடு வந்தாள். அக்கா குடித்தாள். சூடோ இனிப்போ எதுவும் தெரியவில்லை.

*

வண்டி கிளம்பியது. செத்தவர் எப்படி இருக்கிறார் என்று தம்பி கேட்டான். உயிரோடுதான் இருக்கிறார் என்றாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

அவள் சொல்லவேண்டிய அளவுக்குச் சொன்னாள். கண் போனதைச் சொன்னாள். அறை கேட்டதையும் சொன்னாள். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா தம்பி, நான் வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு பாக்கறேன். உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் நடுவுல நான் எதுக்கு? அவ நல்லவதான். அதுக்காக எவ்வளவு நாள்தான் பொறுத்துப் போவா?"

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அவ வீட்டுல இல்லக்கா."

"எங்க போயிருக்கா?"

"தெரியல. நீ விழுந்ததுக்கு முந்தின நாளே போயிட்டா."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அலமாரி துடைச்சது, திரை போட்டது..."

"நான்தான்."

பையனிடம் போயிருப்பாள் என்று அவன் முதலில் நினைத்திருக்கிறான். வெளியூரில் வேலை பார்க்கும் பையனோ, அம்மா எப்படி இருக்கிறாள் என்று இவனையே கேட்டிருக்கிறான். இவன் அடித்தால் அவள் போன் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று செய்தி வந்தது.

"என்னடா சண்டை?"

"சண்டையே இல்லக்கா. அதுதான் எனக்குப் புரியல."

இத்தனையும் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அவன் காகிதம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். தன்னைக் காப்பாற்றத்தான் கூப்பிடுகிறான் என்று அக்கா நினைத்திருந்தாள். அவனுக்கு ராத்திரி அந்த வீட்டுக்குள் தனியாகப் போக முடியவில்லை, அதற்காகக் கூப்பிட்டிருக்கிறான்.

"வண்டியை எடு," என்றாள். "உன் வீட்டுக்குப் போ."

*

தம்பி வீட்டில் செருப்பு வைக்கிற இடத்தில் அவன் செருப்பு மட்டும் இருந்தது. சமையலறைத் தொட்டியில் ஓட்டல் சாப்பாடு தின்ற தட்டுகள் குவிந்து கிடந்தன. அடுப்பு துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஏற்றவே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அவளுக்கென்று ஒதுக்கிய அறைக்குள் போனாள். திரை ஒருபக்கம் இறங்கித் தொங்கியது. கட்டிலில் விரிப்பைக் குறுக்குவாட்டில் போட்டிருந்தான். கால்பக்கம் மெத்தை தெரிந்தது.

சுவர் முழுக்க ஆணிகள்.

எத்தனை படம், எந்த அளவு என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே வரிசை வரிசையாக அடித்து வைத்திருந்தான். சில இடத்தில் சாந்து பெயர்ந்து விழுந்திருந்தது. அதையும் கூட்டி அள்ளியிருந்தான். அவன் உயரத்துக்கு அடித்ததால் எல்லாமே அவள் தலைக்குமேல் இருந்தன.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. சத்தமில்லாமல் அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசிக்குள் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டைக் காலி செய்தால் கொடுக்க அறை இல்லை. காலி செய்யாவிட்டால், இந்த ஆணிகளை இவன் தினமும் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். போனவளோ எங்கே என்றே தெரியவில்லை.

வாசற்படியில் தம்பி வந்து நின்றான். கையில் பால் பாத்திரம்.

"டீ போடட்டுமாக்கா? பால் திரிஞ்சிருக்கான்னு பாக்கணும்."

"பாலை அங்க வை. இங்க வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தான். சின்னப் பிள்ளையில் உட்கார்ந்த மாதிரியே, முட்டியைக் கட்டிக்கொண்டு.

"சண்டையே இல்லன்னு சொன்னியே," என்றாள் அக்கா. "போறதுக்கு முன்னாடி அவ உன்கிட்டப் பேசினது எப்போ? என்ன பேசினா? ஒண்ணு விடாம, முதல்லேருந்து சொல்லு."

தம்பி வாயைத் திறந்தான். நினைவுபடுத்திப் பார்த்தான். அவள் கடைசியாகப் பேசிய ஒரு வார்த்தைகூட வரவில்லை.